பதினைந்தாம் நூற்றாண்டில் அகப்பட்டவன்

என் கதாநாயகனை நான் பதினைந்தாம் நூற்றாண்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். மூன்று மாதம் கழித்துத் தபால் நின்றுபோனது. நாலாவது அத்தியாயம் எழுதி முடிந்து என் மேசையில் கிடந்தது, கொண்டுபோக லோஞ்ச் படகு இல்லை. கதை வந்துகொண்டிருந்த மாதச் சஞ்சிகை யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்தது. நான் நெடுந்தீவில் இருந்தேன். இடையில் கடல், யுத்தத்தில் அந்தக் கடலின் ஒரு கரை ஒருவர் கையிலும் மறு கரை இன்னொருவர் கையிலும் போய்விட்டன. ஆக, அவன் அங்கேயே நின்றான். மூன்று அத்தியாயம் வாசித்த சனம் அவனுக்கு என்ன ஆனதென்று தெரியாமல் இருந்தது. நானும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தேன்.

அந்நாட்களில் நெடுந்தீவில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சரித்திரக் கதைகள் மீது எனக்குத் தீராத எரிச்சல். எதைத் திறந்தாலும் ஒரு ராசகுமாரி, ஒரு ஒற்றன், ஒரு சுரங்கப்பாதை. எல்லாரும் அடுக்குமொழியில் மூச்சுவிடாமல் பேசுவார்கள். ஒருவனுக்காவது வயிற்றுவலி வராது. இந்தக் காலத்து மனிதன் ஒருவனை, சம்பளத்துக்கு வேலை செய்கிறவனை, கண்ணாடி போட்டவனை, அந்தக் காலத்துக்குள் தள்ளிவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதிப் பார்க்க ஆசைப்பட்டேன். விஞ்ஞானப் புனைகதை என்ற பெயரில் சஞ்சிகைக்காரர் ஒப்புக்கொண்டார்.

என் மனைவி அதே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தாள். வேலணைத் தீவுக்காரி. கலியாணமாகி அதிக காலம் ஆகவில்லை. எழுதியதை முதலில் அவளிடம்தான் கொடுப்பேன். பள்ளிக்கூடக் கொப்பி திருத்துகிற அதே சிவப்புப் பேனையோடு அவள் குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்காருவாள். பெருமை பிடித்த எழுத்தாளனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

முதல் அத்தியாயத்தில் நான் ஒரு பெரிய இயந்திரம் செய்துவைத்திருந்தேன். காந்தச் சுருள், கண்ணாடிக் குழாய், மின்கலம் என்று இரண்டு பக்கம். அவள் அந்த இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"இஞ்சாருங்கோ, உந்த மெசின் எல்லாம் ஏன்? குறிகட்டுவான் துறையிலையிருந்து வரேக்கை எங்கட லோஞ்ச் நடுக்கடலிலை நிக்கும் எல்லோ? அப்பிடி நிக்கட்டும். எஞ்சின் திரும்ப வேலை செய்யேக்கை காலம் மாறியிருக்கட்டும்."

"அது விஞ்ஞானம் இல்லை."

"அது எங்கட சனத்துக்கு விளங்கும்."

அவள் சொன்னதுதான் சரி. எங்கள் லோஞ்ச் நடுவில் நிற்பது ஒரு புதினமே அல்ல. எல்லாரும் சத்தியெடுத்து முடிந்து, தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு முடிந்து, இயந்திரக்காரர் எண்ணெய்க் கையோடு மேலே ஏறி வருகிற அந்த நேரத்தில் எந்த நூற்றாண்டில் இருக்கிறோம் என்று யார்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். என் ஆள் அப்படித்தான் போனான். கரையில் இறங்கிப் பார்த்தபோது இறங்குதுறையே இல்லை.

அவனை நான் கொண்டுபோய் விட்டது நல்ல காலமல்ல. தெற்கிலிருந்து ஓர் அரசகுமாரனின் படை வந்து நல்லூரைப் பிடித்த காலம். யாழ்ப்பாணத்து அரசன் மனைவி பிள்ளைகளோடு கடல் கடந்து ஓடிப்போனான். பதினேழு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தான் என்று புத்தகங்கள் சொல்லும். என் திட்டம் பெரியது. என் ஆள் நல்லூருக்குப் போவான், வரப்போவதை அரசனுக்குச் சொல்லுவான், இந்தப் படையை மட்டுமல்ல, அடுத்த நூற்றாண்டில் பறங்கியின் கப்பல் வரும் என்பதையும் சொல்லுவான். சரித்திரம் தெரிந்தவனுக்கு முன்னால் எவன் நிற்க முடியும்!

மனைவி பேனையை மூடிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆர் கேப்பினம்? நல்லூருக்கு முதல் இஞ்சை கரையிலையே மறிப்பினம். எந்த ஊர், ஆற்றை பிள்ளை எண்டு கேப்பினம். இவர் என்ன சொல்லுவார்? இவற்றை பூட்டன்ர பூட்டன் கூட இன்னும் பிறக்கேல்லை."

எத்தனை நாடுகளில் காலப்பயணக் கதைகள் எழுதப்பட்டிருந்தாலும், ஒருவன் இன்னாருடைய பிள்ளை என்று சொல்ல முடியாமல் கரையிலேயே நின்ற கதை எங்கள் ஊரில்தான் எழுதப்பட முடியும். எல்லாம் அறிந்தவன், ஆனால் அவனை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அவனுக்குத் தின்னத் தருவதற்கு முன் எந்தப் பாத்திரத்தில் தருவது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். கடைசியில், உடைந்த கப்பலில் இருந்து தப்பி வந்த அக்கரை வியாபாரி என்று அவனைப் பொய் சொல்ல வைத்தோம்.

அதற்குப் பிறகு சாப்பாட்டில் பிடித்தாள். முதல் இராத்திரி அவனுக்கு நல்ல கூழ் குடிக்கக் கொடுத்திருந்தேன். பனங்கிழங்கு இடித்த ஒடியல்மா, மீன், நண்டு, மரவள்ளிக் கிழங்கு, செத்தல் மிளகாய் அரைத்துவிட்டது. எழுதும்போது எனக்கே வாயூறியது.

"மிளகாய் இன்னும் கப்பல் ஏறேல்லை," என்றாள். "மரவள்ளியும் இல்லை. அது பறங்கி கொண்டுவந்தது, இது ஒல்லாந்தன் கொண்டுவந்தது."

மிளகாய் போனது. மரவள்ளி போனது. வேலணைத் தோட்டத்துப் புகையிலை போனது; தன் சொந்த ஊரின் சீவியத்தையே ஈவிரக்கமில்லாமல் வெட்டினாள். வளவில் நின்ற பப்பாசி போனது. தீவின் தெற்கு வெளியில் திரிகிற குதிரைகளை நான் மிக அழகாக எழுதியிருந்தேன். அவையும் போயின.

"அப்ப என்னதான் மிச்சம்?" என்று கத்தினேன்.

"பனை. கடல். மாடு. உவர்த் தண்ணி."

"பெருக்குமரம்?"

"அரபிக்காரர் கொண்டுவந்தது எண்டு சொல்லுவினம். எப்ப எண்டு தெரியாது. அதை வைச்சிருங்கோ." எனக்கு அவள் இரங்கி விட்டது அந்த ஒரு மரத்தைத்தான்.

ஆனால் கதையின் மிக நல்ல இடமும் அவள் தந்ததே. நயினாதீவில் கோயிலடியில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. உடைந்த கப்பல்களின் சரக்கில் எவ்வளவு அரசுக்கு, எவ்வளவு உடையவனுக்கு என்று ஓர் அரசன் வெட்டுவித்தது. என் ஆள் போன காலத்திலேயே அது பழைய கல். "அவன் அங்கை போகட்டும்," என்றாள். "ரெண்டு காலத்திலையும் அவன் கண்ட ஒரே சாமான் அதுதான்." அப்படியே எழுதினேன். அவன் கிடைத்த வள்ளத்தில் நயினாதீவுக்குப் போய், அந்தக் கல்லின் முன் இருந்து, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்த அதே எழுத்துகளைக் கையால் தடவிப் பார்க்கிறான். மூன்றாவது அத்தியாயம் அங்கே முடிந்தது. எழுதி முடித்தபோது நான் சும்மா ஒரு கற்பனையாகத்தான் அந்தத் தனிமையை நினைத்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு அவள் கர்ப்பமாக இருந்தாள். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். அவளைக் கூட்டிக்கொண்டுபோக வேலணையிலிருந்து தகப்பன் வந்தார். என் அம்மா பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தா. அவவை விட்டு நான் அசைய முடியாது. பிள்ளை பிறந்ததும் வந்து பார்ப்பேன், முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்துக் கூட்டி வருவேன் என்பது ஏற்பாடு. துறையில் லோஞ்ச் வெளிக்கிடும்போது அவள் கடைசியாகச் சொன்னது என் உடம்பைப் பற்றியுமல்ல, அம்மாவைப் பற்றியுமல்ல.

"நாலாம் அத்தியாயத்தை எனக்குக் காட்டாமல் அனுப்பக்கூடாது, சொல்லிப்போட்டன்."

சில வாரங்களில் தீவுப்பகுதிக்குள் அரசாங்கத்தின் படை வந்தது. வேலணை, கரம்பொன் எல்லாம் வெறிச்சோடின. சனம் கைக்குக் கிடைத்ததோடு குடாநாட்டுப் பக்கம் ஓடியது. அவளும் தாய் தகப்பனோடு நிறைவயிற்றில் போய்ச் சேர்ந்தாள் என்பதையே நான் பிறகுதான் அறிந்தேன். அவர்கள் போன பக்கம் இயக்கத்தின் கையில், நாங்கள் அகப்பட்ட பக்கம் படையின் கையில். அதற்குப் பிறகு நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால், அனுமதி எடுத்து, கப்பலில் திருகோணமலைக்குப் போய், வவுனியா வந்து, கிளாலிக் கடலைக் கடந்து, இலங்கையைப் பாதி சுற்றித்தான் போக வேண்டும். ஒரு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருகிற இடத்துக்கு.

எனக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறாள் என்ற செய்தி வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். கொண்டுவந்தவர் எங்கள் ஊர்க் கருவாட்டு வியாபாரி ஒருவர். அப்படிச் சுற்றிப் போய் வருகிற துணிச்சலும் தொடர்பும் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. பிறந்த பிள்ளையை நினைத்து ஆனந்தப்படுவதா, தவழுகிற பிள்ளையை நினைப்பதா என்று தெரியாமல் நின்றேன். நான் செய்தி கேட்ட நேரத்தில் அவள் எழும்பியும் நின்றிருக்கக்கூடும். அங்கே காலம் போய்க்கொண்டிருந்தது, இங்கே நின்றிருந்தது. மின்சாரம் இல்லை, பத்திரிகை இல்லை, வானொலிக்குப் பற்றரி இல்லை. பள்ளிக்கூடம் பாதி நாள் நடக்கும். வந்து அம்மாவைத் துடைத்து, கஞ்சி பருக்கி, புரட்டிப் படுக்கவைத்து, ஒரு போத்தல் விளக்கைக் கொளுத்தினால் அதோடு நாள் சரி. பேச்சு இழுபட்டுப்போன அம்மாவோடு நானே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன். சிவப்புப் பேனைக்காரி இருந்த கதிரையை நான் குசினி வாசலிலிருந்து எடுக்கவில்லை. தடக்கித் தடக்கி விழுந்தும் எடுக்கவில்லை.

அந்தக் கருவாட்டுக்காரர் அன்றைக்கு இன்னொரு செய்தியும் வைத்திருந்தார்.

"மாஸ்டர், உங்கட கதை அங்கை நல்லாப் போகுது. சனம் மாதம் பாத்துக்கொண்டு இருக்குது."

"எந்தக் கதை அண்ணை?"

"பழைய காலத்துக்குப் போனவன்ர கதை. நான் வாசிக்கேல்லை, சனம் கதைச்சதைக் கேட்டனான். கடதாசி இல்லாததாலை கோடு போட்ட கொப்பித்தாளிலை அடிச்சு வருகுது. உங்கட பேர்தான் போட்டிருக்காம்."

என் மேசையில் நாலாம் அத்தியாயம் அப்படியே கிடந்தது. அதற்கு மேல் நான் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. என் பெயரில் எழுத, அந்த ஆளை அப்படித் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

"இப்ப அவன் என்ன செய்யிறான்?" என்று கேட்டேன்.

"கண்டும் மாடுமாய் வாங்கிட்டானாம். வளவிலை கிணறும் வெட்டிறானாம்."

எனக்கு இடிவிழுந்தது போல இருந்தது. மாடு வாங்கியவன் திரும்பி வரப்போகிறானா? கிணறு வெட்டுகிறவன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பானா? அவள் என்னைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். கோபத்தில் அன்றே எழுதத் தொடங்கினேன். என்னுடைய பக்கங்களில் அவன் ஒவ்வொரு நாளும் கரைக்குப் போனான், வள்ளம் எடுத்தான், அந்த நடுக்கடல் இடத்தைத் தேடினான், நீரோட்டம் அடித்துத் திரும்பக் கரைக்கே கொண்டுவந்து போட்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ நல்ல பக்கத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரே மனிதன் கடலுக்கு அந்தப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டும் இந்தப் பக்கம் வள்ளம் வலித்துக்கொண்டும் இருந்தான். இதை நினைத்துச் சில நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. சில நாள் வரவில்லை.

பிறகு ஒரு நீண்ட இடைவெளி. கருவாட்டுக்காரர் மறுபடி போய்த் திரும்பியபோது மகளுக்கு மூன்று வயது கடந்திருந்தது. அவர் நேரே என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் எண்டு கேள்வி மாஸ்டர். மலேரியா. குளிசை இல்லாமல் தாய் கண்ட இடமெல்லாம் அலைஞ்சதாம்."

"என்ர பிள்ளைக்கோ?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதுதான் மாஸ்டர் எனக்கு விளங்கேல்லை. கதையிலையும் அந்த ஆளுக்கு இஞ்சாலை, இந்தக் காலத்திலை, மனிசி பிள்ளை இருக்குதாம். அந்தப் பிள்ளைக்கோ, உங்கட பிள்ளைக்கோ. எனக்குச் சொன்ன கடைக்காரர் ரெண்டையும் ஒண்டாக் கலந்து சொல்லிப்போட்டார். உங்கட மனிசி இருக்கிற பக்கம் என்னாலை இந்தமுறை போக ஏலாமல் போச்சு."

"பிறகு? பிறகு என்ன நடந்தது?"

"பிறகு தெரியாது. அடுத்த மாதப் புத்தகம் வரேல்லையாம்."

அந்த அப்பாவி மனிதர் மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தினேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார். கதையிலுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அது வெறும் கதை. அவள் கைத்திறன் என்று மெச்சிவிட்டு இருக்கலாம். மற்றது என்றால்? ஒவ்வொரு இரவும் மாறி மாறி இரண்டையும் நம்பினேன். கதைக்குள் மலேரியாவைக் கொண்டுவர அவளுக்கு என்ன தேவை என்று ஆராய்ந்தேன். அவள் காரணமில்லாமல் ஒன்றையும் எழுதமாட்டாள் என்பதுதான் என்னைக் கொன்றது. விஞ்ஞானம் படிப்பித்தவன் நான், நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். என்னுடைய கதையில் பேனை வைக்கவே பயமாகிவிட்டது. நான் எழுதும் சொல் ஏதாவது அந்தப் பிள்ளையில் போய்ப் படுமோ என்று. அப்படி ஒரு மூடத்தனம் எனக்குள் இருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

அம்மா அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தா. கொள்ளிவைக்க நான் இருந்தேன் என்பது ஒன்றுதான் ஆறுதல். எட்டுச்செலவு, அந்தியேட்டிச் சடங்கெல்லாம் முடிய, அனுமதிக்கு எழுதிப்போட்டேன். சமாதானப் பேச்சு என்று பிடி கொஞ்சம் தளர்ந்திருந்த மாதங்கள் அவை, கிடைத்தது. கப்பல், பஸ், சோதனை, பஸ், கிளாலியில் வள்ளம். நடுவில் வள்ளத்தின் இயந்திரம் நின்றது. எல்லாரும் கடவுளைக் கூப்பிட்டார்கள். நான் கூப்பிடவில்லை, காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டின் பின்பாதியில் அவர்கள் இருந்தார்கள். பின்னேரம் நாலு மணியளவில் படலையைத் திறந்தேன். முற்றத்தில் ஒரு சிறுமி சிரட்டையில் மண்கறி சமைத்துக்கொண்டிருந்தாள். என் அம்மாவின் நெற்றி அப்படியே இருந்தது. உயிரோடு இருந்தாள். படலையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

அவள் எழும்பி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "அம்மா, ஆரோ ஒரு மாமா வந்திருக்கிறார். அழுகிறார்."

மனைவி வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "வாங்கோ," என்றாள். பிறகு மகளிடம், "அது மாமா இல்லை. அப்பா," என்றாள். மகள் நல்ல பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை; மறுத்துப் பேசவில்லை. ஒரு கதிரையை இழுத்துக்கொண்டுவந்து போட்டாள். செம்பில் தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் கேட்டேன். வந்த வழியெல்லாம் கேட்க நினைத்து வந்தது.

"காய்ச்சல் ஆருக்கு வந்தது? கதையிலையோ?"

"பிள்ளைக்குத்தான் வந்தது. மாறினாப் பிறகுதான் எழுதினனான். மாறாட்டி எழுதியிருக்க மாட்டன்."

"அவனுக்கு ஏன் மாடு வாங்கிக் குடுத்தனீர்? ஏன் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரேல்லை? ஒரு அத்தியாயம் போதுமே."

அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "எத்தினை பேர் கேட்டவை. அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு வீட்டையும் வந்து கேட்டவை. நீங்கள் வராமல் அவனை நான் எப்பிடிக் கூட்டிக்கொண்டு வாறது? அவன் அங்கை பட்டினி கிடக்கக் கூடாது எண்டுதான் மாடு." பிறகு, "எனக்குக் கோவமும் இருந்தது," என்றாள். "அதுக்குத்தான் கிணறு வெட்ட விட்டனான்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இருட்டியது. எண்ணெய் மிச்சம் பிடிக்க அந்த வீட்டில் நேரத்தோடு படுப்பார்கள். மனைவி பாய்களை விரித்தாள். மகள் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தாயிடம் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, இருட்டிப்போச்சு. இவர் இன்னும் போகேல்லையோ?"

"இவர் போகமாட்டார். இனி இஞ்சைதான்."

மகள் பாயடிக்குப் போனாள். பிறகு தாய்க்குப் பக்கத்தில் கிடந்த தன் சின்னத் தலையணையை எடுத்து, தாயைத் தாண்டி அந்தப் பக்கம், சுவரோடு கொண்டுபோய் வைத்தாள். இந்தப் பக்கம் இடம் காலியானது. எனக்கு இடம் விட்டிருக்கிறாள் என்று மனைவி சொன்னாள். நான் அந்த இடத்தில் படுத்தேன். விடியும் வரை மகள் சுவர்ப் பக்கமே முகம் வைத்துப் படுத்திருந்தாள்.